டொறத்தியின் சூட்கேசும் புதுப் பொயிலரும்

யேசுராசா யாரையும் லேசில் நம்புகிற மனிசன் இல்லை. வானிலை சொல்லுகிற பெட்டையை நம்பமாட்டார். பல்லுக் கட்டுகிறவனை நம்பமாட்டார். சிட்னியில் அவர் இருக்கிற பென்டில் ஹில்லில், கடையில் கத்தரிக்காய் நிறுக்கும்போது அவருடைய கண் கத்தரிக்காயில் இருக்காது. கடைக்காரனுடைய சின்னவிரல் தராசில் முட்டுகிறதா என்பதில்தான் இருக்கும். அப்படிப்பட்டவர் இந்த ஊரில் ஒரேயொரு சாமானை நம்பினார். அது அவர் வீட்டில் உடுப்புத் தோய்க்கிற லோண்டறி மூலையில் நின்ற பழைய பொயிலர்.

அந்த வீட்டைக் கட்டியவன் ஒரு ஒல்லாந்துக்காரன். சிட்னியில் குளிரே இல்லை என்று எல்லாரும் சொன்னதை அவன் நம்பவில்லை போலிருக்கிறது. அறைக்கு அறை சுவரோரம் இரும்பு றேடியேற்றர் வைத்து, லோண்டறியில் அலுமாரி அளவில் ஒரு பொயிலரை நட்டுவிட்டுப் போயிருந்தான். அது காஸில் எரிந்து தண்ணீரைச் சூடாக்கும். சூடான தண்ணீர் குழாய் வழியே எல்லா றேடியேற்றருக்குள்ளும் ஓடி வீட்டைக் கணகணப்பாக்கும். முகம் தெரியாத அந்த ஒல்லாந்துக்காரனில் யேசுராசாவுக்குத் தனி மரியாதை. "இந்த ஊரிலை மூளையோடை இருந்தவன் அவன் ஒருத்தன்தான்" என்பார்.

இந்த ஊரில் ஜூன் மாதம்தான் குளிர்காலம். அந்தக் குளிருக்குள் பொயிலர் செத்துப்போனது. சத்தமில்லை, புகையில்லை. ஒரு விடியல் றேடியேற்றரைத் தொட்டால் ஐஸ் போட்ட மீன்பெட்டிக்குள் கை வைத்த மாதிரி இருந்தது.

யேசுராசா சுவெட்டருக்கு மேல் சுவெட்டர் போட்டுச் சமாளித்தார். மனைவி டொறத்திக்குத்தான் ஏலாமல் போனது. அவளுக்கு முழங்கால் வருத்தம். குளிர் ஏறினால் கட்டிலில் இருந்து எழும்பிக் குசினிக்கு வந்து சேருவதற்குள் ஒரு செபமாலை சொல்லி முடித்துவிடலாம். குளிப்பதற்கும் கேத்திலில் கொதிக்கவைத்து வாளியில் கலக்கவேண்டியிருந்தது. பிறிஸ்பேனில் இருக்கிற மகள் அஞ்சலா தினமும் போனில் ஊதிக்கொண்டே இருந்தாள். "அம்மா, இங்கை வாங்கோ. நாங்கள் இப்பவும் கையில்லாச் சட்டையோடைதான் திரியிறம்."

ஒருநாள் யேசுராசா தோட்டத்தால் உள்ளே வந்தபோது, மகளுடைய பழைய அறைக் கட்டிலில் சூட்கேஸ் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"இதென்ன?"

"சூட்கேஸ்."

"அது தெரியுது. நான் குருடில்லை. என்னத்துக்கு எண்டு கேக்கிறன்."

"வீடு சூடாகாட்டில் நான் அஞ்சலாட்டைப் போறன்" என்றாள் டொறத்தி. "அங்கை முழங்கால் நோகேல்லை எண்டால், பிறகு என்னத்துக்குத் திரும்பி வாறது?"

"அப்ப நான்?"

"நீங்களும் வாங்கோ."

"மருமோன்ரை சோபாவிலை ஒடுங்கிக்கொண்டு இருக்க நான் வரேல்லை."

"அப்ப இஞ்சையிருந்து விறையுங்கோ."

சும்மா வெருட்டுகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். அடுத்தநாள் பார்த்தால் சூட்கேசுக்குள் ஒரு சேலை. அதற்கடுத்த நாள் அவள் முழங்காலுக்குப் பூசுகிற எண்ணெய்ப் போத்தல். சேலையை வெருட்டுக்கு வைக்கலாம். எண்ணெய்ப் போத்தலை வெருட்டுக்கு வைக்க ஏலாது, அது படுக்கும்போது வேணும்.

அன்றைக்கே அவர் டொறத்தியின் சிநேகிதி ராதாவுக்குப் போன் எடுத்து, அவள் வீட்டில் காஸ் வேலை செய்த ஆளின் நம்பரை வாங்கினார். வாங்கும்போதே "ஆள் கள்ளனில்லைத்தானே?" என்று கேட்டார். ராதா சிரித்தாள். அந்தச் சிரிப்பும் அவருக்குப் பிடிக்கவில்லை.

வந்தவன் முரளிதரன், நாகர்கோவில்காரன். காஸும் குழாயும் பூட்டுகிற லைசன்ஸ் உள்ளவன், நாற்பது வயது மதிக்கலாம், நெஞ்சு நிறையப் பொக்கற் வைத்த சட்டை.

"வணக்கம் அங்கிள். பழைய பாய்லர் எங்க இருக்கு?"

"ஏன் பழசைக் கேக்கிறீர்? புதுசு பூட்டத்தானே வந்தனீர்."

"பழசைக் கழட்டினாத்தானே அங்கிள் புதுசை மாட்ட முடியும்?"

அதில் நியாயம் இருந்தது. நியாயமாகக் கதைக்கிறவர்களில் யேசுராசாவுக்குச் சந்தேகம் இன்னும் கூடும். குசினிக் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் லோண்டறி வாசலில் போட்டு, தடித்த கோட்டோடு காவலுக்கு உட்கார்ந்தார்.

முரளிதரன் பழைய பொயிலரைத் துண்டு துண்டாய்க் கழற்றி வெளியே எடுத்தான். றேடியேற்றர்களைக் கழுவிவிட்டபோது கணவாய் மை மாதிரிக் கறுத்த தண்ணீர் வந்தது. பிறகு வெளியே நின்ற தன் வான் வண்டியில் இருந்து ஒரு வெள்ளைப் பெட்டியைத் தூக்கி வந்தான். குசினிச் சுவரில் கோப்பை அடுக்குகிற தட்டு அளவுதான் இருக்கும்.

"மிச்சம் எங்கை, வானுக்குள்ளையோ?"

"இதான் அங்கிள் மொத்தமும். கண்டன்சிங் காம்பி பாய்லர். வீட்டையும் சூடாக்கும், குளிக்கிறதுக்கு வெந்நீரும் குடுக்கும். தனியா டேங்க் கிடையாது."

"டாங்க் இல்லாட்டில் சுடுதண்ணி எங்கை நிக்கும்?"

"எங்கயும் நிக்காது. நீங்க குழாயைத் திறந்த உடனே சூடாகி வரும்."

"நிக்காத தண்ணி வரும் எண்டுறீர்."

"வரும் அங்கிள்."

யேசுராசா குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினார். "டொறத்தி! கேட்டியே? இல்லாத தண்ணி வருமாம்!"

"இல்லாத மூளையை வைச்சுக்கொண்டு நீங்கள் கதைக்கேல்லையே? அந்தாளை வேலை செய்ய விடுங்கோ!"

முரளிதரன் பெட்டிக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான். தோள் குலுங்கியதை யேசுராசா கண்டார், மனதில் குறித்துக்கொண்டார்.

பின்னேரம் பெட்டி சுவரில் ஏறிவிட்டது. புகைக்குழாய் சுவரைத் துளைத்து வெளியே போனது. முரளிதரன் குழாய்களுக்குள் தண்ணீரை நிரப்பி, பெட்டியின் அடியில் இருந்த சின்ன வட்ட முகப்பைக் காட்டினான்.

"அங்கிள், இந்த முள்ளு பச்சைக்குள்ளயே நிக்கணும். உள்ள தண்ணி குறைஞ்சா முள்ளு இறங்கும். முள்ளு இறங்கினா பாய்லர் நின்னுடும்."

இது யேசுராசாவின் மண்டையில் ஆணி அடித்த மாதிரி ஏறியது. முள் இறங்கினால் பொயிலர் நிற்கும். பொயிலர் நின்றால் என்ன நடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் யன்னல் வழியே அவருடைய கண் வானில் பட்டது. பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு சாக்கு. சாக்கின் வாயில் மஞ்சளாய் என்னவோ மினுங்கியது. ஒல்லாந்துக்காரனுடைய பித்தளை! பழைய பொயிலரில் இருந்த வால்வுகள், ஒவ்வொன்றும் கைமுட்டி அளவு பெரிசு. யேசுராசா கோட்டைக் கழற்றிக் கதிரையின் முதுகில் போட்டார். பூனை மாதிரி எழும்பி, வீட்டுப் பின்கதவால் இறங்கி வானுக்குப் போனார்.

முரளிதரன் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டிக்கு அடியில் குனிந்தபடி அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இப்ப சொல்றதுதான் முக்கியம் அங்கிள். இந்த வெள்ளை பிளாஸ்டிக் பைப் வெளிய போகுது பாருங்க, அதுல சொட்டுச் சொட்டா தண்ணி வந்துக்கிட்டே இருக்கும். மத்த பாய்லர்ல புகையோட வீணாப் போற சூட்டை இது உள்ளயே பிடிச்சுக்கும். அப்போ புகையில இருக்கிற ஆவி குளுந்து தண்ணியாயிடும். அந்தத் தண்ணிதான் வெளிய சொட்டுறது. சொட்டினா நல்லது. அடைச்சுக்கிச்சுன்னா பாய்லர் நின்னுடும். சரியா அங்கிள்?"

கதிரை ஒன்றும் சொல்லவில்லை. அதன் முதுகில் கோட்டு தோளை அகட்டிக்கொண்டு இருந்தது. விடிந்ததில் இருந்து வாய் ஓயாத அங்கிள் முதல்தடவையாக எதிர்க்கேள்வி கேட்கவில்லை என்று முரளிதரனுக்குப் பெரிய நிம்மதி. நல்ல மனுசன்தான் என்றுகூட நினைத்தான்.

அந்த நேரம் நல்ல மனுசன் பித்தளை வால்வுகளைக் கறிவேப்பிலைச் சாடிக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டிருந்தார்.

பொழுதுபடும்போது வீடு சூடாகிவிட்டது. றேடியேற்றரில் கை வைத்தால் பேக்கரியில் இருந்து வந்த சுடுபாணைத் தொட்ட மாதிரி. குளியலறையில் இருந்து டொறத்தியின் குரல் வந்தது. "இஞ்சேருங்கோ! இல்லாத தண்ணி வருது!" குளித்துவிட்டு வந்தவள் நேரே மகளின் அறைக்குப் போய், சூட்கேசுக்குள் இருந்து எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்தாள்.

"சேலை?" என்றார் யேசுராசா, தற்செயலாகக் கேட்கிற மாதிரி.

"அது கிடக்கட்டும். எப்பிடி வேலை செய்யுது எண்டு பாப்பம்."

விடிந்ததும் யேசுராசா தேத்தண்ணிக் கோப்பையோடு வீட்டின் பின்பக்கம் போனார். வேலைக்காரன் போனபிறகு அவன் செய்த வேலையை ஒருதரம் சுற்றிப் பார்க்காவிட்டால் அவருக்குத் தேத்தண்ணி இறங்காது. சுவரில் பூச்சு உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. புகைக்குழாயில் இருந்து வெள்ளையாய் ஆவி போனது, சரி போகட்டும். பிறகுதான் கீழே பார்த்தார்.

வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் ஒன்று சுவரால் வெளியே வந்து, தரையில் கழிவுத்தண்ணீர் ஓடுகிற கானின் கம்பிக்கு மேலே நின்றது. நுனி திறந்து கிடந்தது. சொட்டு. சொட்டு. சொட்டு.

கோப்பையைக் கீழே வைத்தார். முரளிதரன் நிரப்பிய தண்ணீர் வெளியே போகிறது! நுனிக்கு மூடி போட மறந்திருக்கிறான். மறந்தானோ, வேணுமென்று விட்டானோ, யார் கண்டது? இப்படியே போனால் முள் இறங்கும். முள் இறங்கினால் பொயிலர் நிற்கும். எண்ணெய்ப் போத்தல் திரும்பவும் சூட்கேசுக்குள் போகும்.

முரளிதரனைக் கூப்பிடலாம். ஆனால் கூப்பிட்டால் அவன் ஒரு ஓட்டையை அடைத்து இன்னொரு ஓட்டை வைத்துவிட்டுப் போவான் என்று யேசுராசா முடிவு கட்டினார். அவர் முந்தி ஊரில், பேசாலைக் கடலில் வள்ளம் ஓட்டினவர். வள்ளத்துக்குள் ஒரு சொட்டுக் கசிந்தாலும், அதை அடைக்கும்வரை சோற்றில் கை வைக்கமாட்டார். பலகை இடுக்கில் பஞ்சை முறுக்கிச் செருகி, மேலே குங்கிலியம் காய்ச்சிப் பூசுகிற வேலைக்குக் கலப்பத்து அடிக்கிறது என்று பெயர். அது அவருக்குக் கைவந்த வேலை.

பென்டில் ஹில்லில் அவசரத்துக்குக் குங்கிலியத்துக்கு எங்கே போவது? அவர் இடுப்பில் கட்டுகிற சாரம் ஒன்று கிழிந்து கிடந்தது. அதில் ஒரு கீலம் கிழித்து முறுக்கினார். மெழுகுக்கு வீட்டுக்குள் போனார். மாதா சுருவத்துக்கு முன்னால் நீல ரிப்பன் கட்டிய மெழுகுதிரி ஒன்று பாதி எரிந்து நின்றது. மாதா குறை நினைக்கமாட்டா என்று எடுத்துக்கொண்டார். ஆணி முறுக்குகிற திருப்புளியால் சாரத்துண்டைக் குழாய்க்குள் இறுக்கி இடித்து, மெழுகை உருக்கி ஊற்றி, ரிப்பனால் சுற்றிக் கட்டி, அதன்மேலும் மெழுகு ஊற்றினார்.

ஒரு சொட்டும் இல்லை. குனிந்து பார்த்தார், காதை வைத்தும் பார்த்தார். கடலுக்கே இறக்கலாம்.

மத்தியானம் வெள்ளைப் பெட்டி கொப்பளிக்கிற மாதிரிக் கொளகொள என்றது. கொஞ்சநேரம் கொப்பளித்துவிட்டு ஒரு விக்கல் விக்கி நின்றது. முகப்பில் ஏதோ எழுத்தும் இலக்கமும் சிவப்பாய் மின்னி மின்னி அணைந்தன. யேசுராசா ஓடிப்போய் முள்ளைப் பார்த்தார். பச்சைக்குள் அப்படியே நின்றது.

"பாத்தியே" என்றார் சுவருக்கு. "என்ரை அடைப்பு ஒழுகேல்லை. உன்ரை பெட்டிதான் பழுது."

டொறத்தி வந்து றேடியேற்றரைத் தொட்டாள். அவள் ஏசியிருந்தால் பரவாயில்லை. எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போனாள். பின்னால் செபப்புத்தகமும் போனது. கதவுக்கு வெளியே நின்ற யேசுராசாவின் காதில் போன் கதை விழுந்தது. "ஓம் பிள்ளை, சனிக்கிழமை எண்டாலும் பரவாயில்லை."

அவர் தன்னுடைய போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.

"தம்பி, உம்மடை பெட்டி செத்துப்போச்சு!"

"ஐயய்யோ. ஸ்கிரீன்ல என்ன காட்டுது அங்கிள்?"

"சிவப்பாய் முழுசுது."

"சரி, பதறாதீங்க. வெளிய அந்த வெள்ளை பைப் சொட்டுதான்னு பாத்துச் சொல்லுங்க."

"சொட்டோ?" யேசுராசாவின் குரல் நிமிர்ந்தது. "ஒரு சொட்டும் இல்லை! அதிலை ஒரு பிழையும் நீர் சொல்ல ஏலாது!"

அந்தப் பக்கத்தில் முரளிதரன் கையில் இருந்த குறட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"சொட்டவே இல்லையா அங்கிள்?"

"சொட்டாது!"

"நான் இப்ப ரொம்ப தூரத்துல, ஹெலன்ஸ்பர்க்ல ஒரு வேலைல இருக்கேன். நாளைக்குக் காலைல முதல் வேலையா வர்றேன். அதுவரைக்கும் நீங்க எதையும் தொடாதீங்க."

"நான் ஏன் தொடுறன்?" என்றார் யேசுராசா, மானம் போன மாதிரி.

முரளிதரன் மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் வந்தான். வீட்டுக்குள் வரவேயில்லை. வானில் இருந்து இறங்கி நேரே பின்பக்கம் போனான்.

"பெட்டி உள்ளை இருக்கு. வெளியிலை என்னத்தைத் தேடுறீர்?" என்று கேட்டுக்கொண்டே யேசுராசா பின்னால் போனார். சத்தம் கேட்டு டொறத்தியும் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கதவைப் பிடித்துப் பிடித்து வந்தாள்.

முரளிதரன் குழாய்க்கு முன்னால் முழங்காலில் இருந்தான். தலையைச் சரித்து ஒரு பக்கம் பார்த்தான், மற்றப் பக்கமும் பார்த்தான்.

"அங்கிள், இதை யாரு அடைச்சது?"

"பொசமாயிருக்கும்" என்றார் யேசுராசா. "இந்தப் பக்கம் இராவிலை மரத்தாலை இறங்கி வாற பொசம் கனக்க."

முரளிதரன் குறட்டால் பிடித்து ஒரு இழுவை இழுத்தான். அடைப்பு 'புளக்' என்று வந்தது. பின்னால் ஒரு வாளித் தண்ணீர் அவனுடைய சப்பாத்தை நனைத்துக்கொண்டு ஓடியது. கையில் வந்ததை விரித்துப் பார்த்தான்.

"சாரம் கட்டுற பொசம் போலருக்கு."

டொறத்தி அதை வாங்கினாள். மெழுகைச் சுரண்டினாள். உள்ளே இருந்து நீல ரிப்பன் வந்தது.

"இது கோயிலிலை மந்திரிச்ச என்ரை மெழுகுதிரி எல்லோ! நான் இதைத் தேடாத இடமில்லை. இஞ்சேருங்கோ, என்ன வேலை பாத்தனீங்கள்?"

இனிப் பொசத்தை இழுக்க ஏலாது. யேசுராசாவுக்குக் கோபம் வந்தது. மாட்டுப்பட்டால் அவருக்கு முதலில் வருவது அதுதான்.

"பின்னை என்ன? முள்ளு இறங்கினால் பொயிலர் நிக்கும் எண்டு இந்தாள்தான் சொன்னவர். சொட்டினால் முள்ளு இறங்கும். முள்ளு இறங்கினால் வீடு குளிரும். வீடு குளிர்ந்தால் நீ போயிடுவாய். அதுதான் அடைச்சனான்!"

ஒரே மூச்சில் கத்தி முடித்தபிறகுதான், வாயால் என்ன வந்தது என்று அவருக்கே விளங்கியது. கறிவேப்பிலைச் சாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். டொறத்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். சால்வையை இழுத்து மூடிக்கொண்டாள். குளிருக்கு மூடின மாதிரித் தெரியவில்லை.

முரளிதரன்தான் இருமினான். "ஆனா அங்கிள், அந்தப் பைப்பு சொட்டணும்னு நான் சொன்னேனே? நீங்க நாற்காலில உக்காந்து கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?"

"நான் எங்கை கேட்டனான்? நான் அப்ப உம்மடை வானுக்குள்ளை..."

நிறுத்தினார். ஆனால் பிந்திவிட்டது.

"வானுக்குள்ளை என்ன செய்தனீங்கள்?" என்றாள் டொறத்தி.

யேசுராசா கறிவேப்பிலைச் சாடியைக் காலால் நகர்த்தினார். பித்தளை வால்வுகள் வெயிலில் பளபளத்தன.

"அடப்பாவி அங்கிள்! வண்டி பூரா தேடினேன், ரோட்டுல விழுந்துடுச்சோன்னு நெனச்சேன்!"

"அப்ப நீர் அதைக் கொண்டுபோகத்தான் வைச்சிருந்தனீர்?"

முரளிதரன் தலையைச் சொறிந்தான். "ஆமா அங்கிள். பழசை எல்லாரும் என்னையே எடுத்துக்கிட்டுப் போகச் சொல்வாங்க. கேக்காம எடுத்தது தப்புதான்."

யேசுராசாவின் முகம் விடிந்தது. பென்டில் ஹில்லுக்கு வந்த நாளில் இருந்து அவருக்கு இப்படியொரு வெற்றி கிடைத்ததில்லை. "பாத்தியே டொறத்தி! நான் சும்மாவோ காவல் இருந்தனான்? பாத்தியே!"

"கண்டனான், கண்டனான். பித்தளையைக் காப்பாத்தப் போய் வீட்டை ஐஸ் பெட்டியாக்கின கெட்டித்தனத்தை."

முரளிதரனுக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. டொறத்தியும் வாயில் சால்வையை வைத்தாள். யேசுராசா கொஞ்சம் முறைத்துப் பார்த்தார். பிறகு அவருக்கும் வந்துவிட்டது.

முரளிதரன் பெட்டிக்குள் தேங்கிய தண்ணீரை வடித்து, ஒரு பொத்தானை அமத்தினான். உள்ளே நீலமாய் நெருப்புப் பிடித்தது. இந்தமுறை சொல்லவேண்டியதை யேசுராசாவின் முகத்தைப் பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். சொட்டுவது பொயிலருக்குள் நிரப்பிய தண்ணீர் இல்லை, அதனால் முள் இறங்காது என்றும் சொன்னான். யேசுராசா முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்து, "புகைக்குள்ளையிருந்து தண்ணி வருமெண்டுறீர்" என்றார். ஆனால் வால்வுகளில் பாதியைச் சாக்கில் போட்டு அவனிடமே கொடுத்தார். மற்றப் பாதி ஒல்லாந்துக்காரனுடைய ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்றார்.

அவன் போனபிறகு டொறத்தி போனோடு மகளின் அறைக்குள் போனாள். யேசுராசா கதவுக்கு வெளியே வந்து நின்றார். றேடியேற்றர் சூடாகத் தொடங்கியிருந்தது. அவருடைய கைதான் குளிர்ந்து கிடந்தது.

"பிள்ளை, டிக்கெட் போட்டிட்டியோ? இல்லையோ? அப்ப விடு, நான் வரேல்லை. முழங்காலோ? அது நோகுதுதான். என்ன செய்யிறது? இந்த மனிசனைத் தனிய விட்டிட்டு வந்தால் அடுத்ததாய்ப் புகைக்குழாயையும் அடைச்சுப்போடும். ஓம், சாரத்தாலை. ஓம், உண்மையாய்த்தான். நீங்கள் பள்ளிக்கூட லீவுக்கு இஞ்சை வாங்கோ, வீடு நல்ல சூடு."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தவள் அவரைக் கண்டாள்.

"ஒட்டுக் கேட்டனீங்களோ?"

"நான் ஏன் கேக்கிறன்? றேடியேற்றரைப் பாக்க வந்தனான்."

"ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் எனக்கு ஒரு மெழுகுதிரி மந்திரிச்சுக்கொண்டு வாங்கோ. பாதியில்லை, முழுசு."

"ஓம்."

அவள் எண்ணெய்ப் போத்தலையும் செபப்புத்தகத்தையும் எடுத்துக்கொண்டாள். சேலையை அவரே எடுத்து, எப்படி மடிப்பது என்று தெரியாமல் சுருட்டி அலுமாரியில் வைத்தார். பிறகு கதிரையில் ஏறி, சூட்கேசை அலுமாரிக்கு மேலே வைத்து, அவளுக்கு எட்டாதபடி சுவரோடு தள்ளிவிட்டார்.

அதற்குப் பிறகும் யேசுராசா அந்த வெள்ளைப் பெட்டியை முழுக்க நம்பினார் என்று சொல்ல ஏலாது. குளிர் முடியும்வரை ஒவ்வொரு விடியலும் தேத்தண்ணிக் கோப்பையோடு பின்பக்கம் போய், குழாய்க்கு முன்னால் குந்துவார். குசினி யன்னலால் டொறத்தி கூப்பிடுவாள்.

"சொட்டுதோ?"

"சொட்டுது!"

"அப்ப உள்ளை வாங்கோ. பாண் ஆறுது."